குவாதலூப் பயணம்: முதலில் காற்றின் திசை, பிறகுதான் கடற்கரை

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்குகிறேன். சென்னையில் இருக்கிறீர்கள், கணவர், ஒன்பது வயது மகன், எழுபதை எட்டும் தந்தை ஆகியோருடன் பள்ளிக் கோடை விடுமுறையில், அதாவது ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ, பத்து இரவுகள் ஒரு கரீபியன் தீவில் தங்க விரும்புகிறீர்கள், கடலும் வேண்டும், காடும் வேண்டும், அப்பாவுக்கு அலைச்சல் கூடாது, அவர் சைவ உணவுக்காரர். பாரிஸில் உறவினர் இருப்பதால் குவாதலூப் பொருத்தமா, எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருந்தீர்கள். பொருத்தம்தான். பாரிஸிலிருந்து நேரடி விமானம் உண்டு, நல்ல சாலைகளும் மருத்துவமனைகளும் உண்டு, ஒரே தீவில் எரிமலைக் காட்டையும் பவளப்பாறைக் கடலையும் பார்த்துவிடலாம். ஆனால் படங்களைப் பார்த்துக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்து, அதன் அருகில் அறை எடுத்து, பிறகு விமானச்சீட்டு வாங்கி, கடைசியில் விசாவுக்குப் போகும் வழக்கமான வரிசை இந்தத் தீவுக்கு ஒத்துவராது. அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

முதலில் தீவின் அமைப்பு. வரைபடத்தில் குவாதலூப் சிறகு விரித்த பட்டாம்பூச்சி போலத் தெரியும். மேற்குச் சிறகின் பெயர் பாஸ்-தேர், தாழ்ந்த நிலம் என்று பொருள். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், பெரிய நிலம். நேரில் போனால் இரண்டும் முரணாக இருக்கும். தாழ்ந்த நிலத்தில்தான், கிழக்குக் கரீபியனில் வளைந்து கிடக்கும் சிறிய அண்டிலிஸ் தீவுத்தொடரிலேயே மிக உயரமான சுஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பெரிய நிலமோ பரப்பில் மற்றதைவிடச் சிறியது, சுண்ணாம்புக்கல் மேடு, பெரும்பாலும் சமதரை. பழைய மாலுமிகளின் பேச்சில் தாழ்ந்த நிலம் என்பது உயரத்தைக் குறிக்கவில்லை, காற்றுக்கு மறைவான நிலத்தைக் குறித்தது என்று தெரிந்துகொண்டால் இந்த முரண் தீர்ந்துவிடும். கிழக்கிலிருந்து வீசும் காற்றைக் கொண்டல் என்கிறோம் அல்லவா, அந்தத் தீவில் அதுவே ஆண்டின் பெரும்பகுதி வீசும் காற்று. அலை, மழை, கடற்பாசி, படகுப் பயணத்தின் குலுக்கல் எல்லாம் அந்தக் காற்றின் கணக்கில்தான் வரும். பாஸ்-தேரின் மேற்குக் கரையை இன்றும் காற்றின் கீழ்க்கரை என்று பொருள்படும் பெயராலேயே அழைக்கிறார்கள். நீங்கள் எடுக்கப்போகும் முடிவுகளில் பாதி, நீங்கள் காற்றின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தவை.

மாதம் பற்றிச் சொல்கிறேன். டிசம்பர் முதல் மே வரை வறண்ட பருவம். ஜூலை முதல் நவம்பர் வரை மழைப் பருவம். சூறாவளிப் பருவம் அதிகாரபூர்வமாக ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதன் உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை. 1989 செப்டம்பரில் ஹூகோ சூறாவளி இந்தத் தீவைச் சிதைத்தது. 2017 செப்டம்பரில் தெற்கே இருக்கும் டொமினிக்காவை நொறுக்கிய மரியா, குவாதலூப்பின் வாழைத் தோட்டங்களையும் தரைமட்டமாக்கிவிட்டுப் போனது. அந்த மாதங்களில் சீட்டு மலிவாகக் கிடைத்தாலும் முதியவரையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போக நான் சொல்ல மாட்டேன். உங்கள் விடுமுறை மாதங்கள் இரண்டுமே பாதுகாப்பானவை. ஈஸ்டர் கூட்டம் கலைந்த பிறகு வாடகையும் இறங்கும். மே மாதத்தில் பொது விடுமுறைகள் அடுக்கடுக்காக வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மே 1, மே 8 ஆகியவற்றோடு, 1848இல் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்ட நாளான மே 27ம் விடுமுறை. அன்று பல கடைகள் திறக்காது. ஞாயிறு மதியத்துக்கு மேலும் அப்படியே.

அந்த மாதங்களுக்கு ஒரு குறை உண்டு, அது சர்காசம் என்னும் பழுப்பு நிறக் கடற்பாசி. 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக மிதந்து வந்து காற்று எதிர்ப்படும் கரைகளில் ஒதுங்குகிறது. மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் இடையே வரத்து அதிகம். கரையில் குவிந்து அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளிவரும். என் முதல் பயணத்தில் கிழக்கு நோக்கிய ஒரு குடாவில், படத்தில் நீலமாகத் தெரிந்த கடலை நம்பி ஏழு இரவுகளுக்குப் பணம் கட்டிவிட்டுப் போனேன். கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. முழங்கால் உயரத்துக்குப் பாசி கிடந்தது, மேலே காய்ந்து மொரமொரப்பாகவும் அடியில் சேறாகவும். அதைத் தாண்டித் தண்ணீருக்குப் போகவே முடியவில்லை. மூன்றாம் நாள் என் மனைவியின் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போயிருந்தது. கட்டிய பணம் திரும்ப வரவில்லை. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவர்களுக்கு அந்தக் காற்று உண்மையிலேயே கெடுதல். ஆகவே உங்கள் தங்குமிடத்தின் பெரும்பகுதி மேற்குக் கரையில் இருக்கட்டும். அங்கே பாசி வருவது அரிது. பிரெஞ்சு வானிலைத் துறை வெளியிடும் பாசி முன்னறிவிப்பைப் புறப்படும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஆவணங்கள், பலர் தடுக்கி விழும் இடம் இது. குவாதலூப் பிரான்ஸின் முழு உரிமையுள்ள மாவட்டம்; நாணயம் யூரோ, காவல்துறை பிரெஞ்சு, அஞ்சல்பெட்டி மஞ்சள் நிறம். ஆனால் அது ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய பகுதிக்குள், இல்லை. இந்தியக் கடவுச்சீட்டில் உள்ள வழக்கமான ஷெங்கன் விசா அங்கே செல்லாது; கடல்கடந்த மாவட்டங்களுக்குச் செல்லும் என்று குறிப்பிட்ட விசா வேண்டும். விண்ணப்பிக்கும்போதே முதன்மைச் சேருமிடம் குவாதலூப் என்றும், போகும்போதும் திரும்பும்போதும் பாரிஸில் தங்குவீர்கள் என்றும் இரண்டையும் எழுதிக் கேளுங்கள். அடுத்தது இதைவிட நுட்பமானது. பாரிஸிலிருந்து குவாதலூப் போகும் விமானம் உள்நாட்டு விமானம் போலத் தோன்றினாலும், அதில் ஏறும் நிமிடத்தில் நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறுகிறீர்கள். திரும்பி வரும்போது இரண்டாம் முறையாக நுழைகிறீர்கள். ஆகவே ஷெங்கன் விசா ஒற்றை நுழைவாக இருந்தால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். பல நுழைவுக்குக் கேளுங்கள், கையில் வந்ததும் விசா ஒட்டியில் உள்ள ஒவ்வொரு வரியையும் படியுங்கள், தவறிருந்தால் அன்றே சொல்லுங்கள். விசா வரும்வரை திரும்பப் பெற முடியாத எந்த முன்பதிவும் வேண்டாம்.

இந்தியாவிலிருந்து பாரிஸுக்கு ஒன்பது முதல் பத்து மணி நேரம், பாரிஸிலிருந்து, தீவில் விமானம் இறங்கும் புவாந்தபித்ர் நகரத்துக்கு எட்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இரண்டையும் ஒரே மூச்சில் செய்வது அப்பாவுக்கு வேதனை. தவிர, இந்தியாவிலிருந்து வரும் விமானங்கள் ஷார்ல் த கோல் நிலையத்தில் இறங்க, தீவுக்குப் போகும் விமானங்களில் பல நகரத்தின் மறுகோடியில் உள்ள ஓர்லியிலிருந்து புறப்படுகின்றன. உறவினர் வீட்டில் இரண்டு இரவு தங்கிப் போவதே நல்லது. தீவின் கடிகாரம் இந்திய நேரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. முதல் இரண்டு நாள் எல்லோரும் விடியுமுன்னே விழித்துவிடுவீர்கள். அதை நன்மையாக்கிக்கொள்ளுங்கள், மலைக்கும் கடலுக்கும் காலைதான் ஏற்ற நேரம். ஆறரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்து சட்டென்று இருட்டிவிடும், நம் ஊர் போலவே.

பத்து இரவுகளை ஆறும் நான்குமாகப் பிரிப்பேன். முதல் ஆறு மேற்குக் கரையில், தேயே ஊருக்கும் பூயாந்த் ஊருக்கும் இடையே எங்காவது. பின் நான்கு கிராந்த்-தேரின் தென்கரையில், சேந்த்-ஆன் அல்லது சேன்-பிரான்சுவாவில். தென்கரையில் பவளப்பாறை அரணாக நிற்பதால் குளம் போல அமைதியான, இடுப்பளவு ஆழமுள்ள கடல் உண்டு. மகன் அங்கே நாள் முழுதும் கிடப்பான். அந்தக் கரைக்குப் பாசி வருவதுண்டு என்பதால்தான் நான்கு இரவு என்கிறேன், அதையும் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள். விடுதியைவிடச் சமையலறையுள்ள சிறு வீடு உங்களுக்கு ஏற்றது. பதிவு செய்யுமுன் வீட்டுக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி, வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்பது. குழாய்கள் பழையதாகி ஒழுகுவதால் குவாதலூப்பின் பல பகுதிகளில் முறை வைத்துத் தண்ணீரை நிறுத்துகிறார்கள். சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் வராது. சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே எல்லா வீட்டின் மொட்டை மாடியிலும் தொட்டி இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

வாடகைக் கார் இல்லாமல் இந்தத் தீவு இல்லை. பேருந்துகள் உண்டு, மாலையிலும் ஞாயிறன்றும் அவை அரிது. சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், பெரும்பாலானவை கியர் மாற்றும் கார்கள். தானியங்கி வேண்டுமென்றால் முன்னதாகவே சொல்லிவையுங்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்துடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்லுங்கள். புவாந்தபித்ரை ஒட்டிய ஜாரி தொழிற்பகுதியில் காலையும் மாலையும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். இரண்டு சிறகுகளுக்கும் இடையே போக அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால், வீடு மாறும் நாளை ஞாயிறாக வைத்துக்கொள்வது என் வழக்கம்.

மேற்குக் கரையில் மலாந்தூர் கடற்கரைக்கு எதிரே பிஜோன் என்னும் சிறு தீவுத்திட்டுகள் உண்டு. தேசியப் பூங்காவின் பாதுகாப்பில் உள்ள கடற்பகுதி அது. கண்ணாடி அடிப்பாகம் கொண்ட படகில் அப்பாவும் பவளங்களைப் பார்க்கலாம். மகனுக்கு முகமூடியும் மூச்சுக்குழாயும் போதும், கரையோரத்திலேயே கடல் ஆமைகள் புல் மேய வரும். தொடாமல், துரத்தாமல் பார்க்கச் சொல்லித் தாருங்கள். தேயே அருகில் உள்ள கிராந்த்-ஆன்ஸ் கடற்கரை அழகில் முதலிடம், ஆனால் வடக்கிலிருந்து பேரலை வரும் நாட்களில் இழுப்பு பலமாக இருக்கும். அலை தணிந்த நாளில் மட்டும் இறங்குங்கள். அதே ஊரின் தாவரவியல் பூங்கா அப்பாவுக்கு ஒரு காலைப்பொழுதுக்குப் போதுமானது.

கடற்கரையில் ஒரு மரத்தை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். மான்சனில்லியே என்று பெயர். சின்னப் பச்சை ஆப்பிள் போலப் பழம், பளபளக்கும் இலை. பாலும் பழமும் கடும் நஞ்சு. மழையில் அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைப் புண்ணாக்கும். பல கடற்கரைகளில் அடிமரத்தைச் சுற்றிச் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். எல்லா மரத்துக்கும் பட்டை இருக்காது என்பதால், தரையில் கிடக்கும் பழம் எதையும் எடுக்கக் கூடாது என்று மகனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எரிமலைத் தீவு என்பதால் பூயாந்த் பக்கம் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அவற்றில் கழுத்துவரை இறங்கலாம், தலையை முழுக்கவோ மூக்கில் நீர் ஏறவிடவோ கூடாது, அந்த வெப்பத்தில் வாழும் ஓர் அமீபா மூளையைத் தாக்கும். மலேரியா இல்லை, ஆனால் டெங்கு உண்டு. பகலில் கடிக்கும் கொசுவுக்கான களிம்பை மறக்க வேண்டாம். வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை தெளித்த குளோர்தெகோன் என்னும் பூச்சிக்கொல்லி தென் பாஸ்-தேரின் மண்ணிலும் ஓடைகளிலும் இன்னும் தங்கியிருக்கிறது. சில நாள் விருந்தினருக்குப் பெரிய ஆபத்தில்லை என்றாலும், அங்கேயே பிறந்து வாழ்வோருக்கு அது ஆறாத காயம். அங்குள்ளவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது பொறுமையாகக் கேளுங்கள்.

சுஃப்ரியேர் ஏறுவது உங்களுக்கும் கணவருக்கும் உரியது, அப்பாவுக்கு அல்ல. ஏறக்குறைய 950 மீட்டர் உயரத்தில் உள்ள பேன்-ஜோன் என்னுமிடத்தில் காரை நிறுத்திவிட்டு, இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். கொண்டல் கொண்டுவரும் ஈரமெல்லாம் இந்த மலையில் முட்டித்தான் மழையாகிறது. உச்சியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 மில்லிமீட்டர், அதாவது சென்னையில் பெய்வதைப் போல ஏழெட்டு மடங்கு. ஆகவே ஆறு மணிக்கே தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் மேகம் மூடிவிடும். எரிமலை உயிருள்ளது. 1976இல் அது புகைந்தபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை மாதக்கணக்கில் வெளியேற்றி வைத்திருந்தார்கள். உச்சியில் வாயு வெளிவரும் பகுதிகளுக்குள் போகத் தடை உண்டு, வேலியைத் தாண்டாதீர்கள். அப்பாவோடு சேர்ந்து போக இரண்டு இடங்கள் சொல்கிறேன். தீவின் நடுவே காட்டை அறுத்துக்கொண்டு போகும் சாலையில் இறால் அருவி என்று ஒன்று உண்டு, காரை விட்டு இறங்கிச் சில நிமிடச் சமநடையில் வந்துவிடும். கிழக்குச் சரிவில் கார்பே அருவிகள் மூன்று; இரண்டாவது 110 மீட்டர், நுழைவாயிலிலிருந்து இருபது நிமிட நடை, படிகள் உண்டு, மெல்லப் போகலாம்.

சுற்றுத் தீவுகளில் ஒன்றே ஒன்றுக்குப் போங்கள். த்ருவா-ரிவியேர் துறையிலிருந்து லே சேந்த் தீவுகளுக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். காலையில் போய் மாலையில் திரும்பலாம். மேட்டில் உள்ள நெப்போலியன் கோட்டையிலிருந்து பார்த்தால் அந்த விரிகுடா முழுவதும் காலடியில் விரியும், 1782 ஏப்ரலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பெரும் கடற்போர் நடத்திய நீர் அது. மரி-கலாந்த் தீவு எனக்கு இதைவிடப் பிடித்தமானது என்றாலும் அங்கே ஒரு நாளில் போய்த் திரும்புவது பயனில்லை, ஒரு மணி நேரக் கடலும் கிழக்குக் காற்றுக்குத் திறந்த கடல். அப்பாவின் வயிறு தாங்காது. இந்த முறை விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அங்கே தெருவோரத்தில் அதிகம் கிடைக்கும் அக்ரா என்ற வடை போன்ற பண்டத்தில் உப்பிட்ட மீன் இருக்கும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். சைவ உணவுக்கு உணவகங்களை நம்பாமல் சந்தையை நம்புங்கள். சேனை போன்ற கிழங்குகள், பூசணி, வாழைக்காய், சீமைப்பலா, கிறிஸ்தோஃபின் என்ற பெயரில் நம் சௌசௌ எல்லாம் குவிந்திருக்கும். அரிசியும் பருப்பும் எந்தப் பேரங்காடியிலும் உண்டு, விலை பாரிஸைவிடக் கூடுதல். புவாந்தபித்ரின் நறுமணப் பொருள் சந்தையில் கொலொம்போ என்று எழுதிய மஞ்சள் தூள் பொட்டலம் ஒன்றை வாங்கி, பிரித்து முகர்ந்து பாருங்கள். கொத்தமல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள். மிளகாய் பெரும்பாலும் இராது, அதைத் தனியாக முழுதாகக் குழம்பில் மிதக்கவிடுவார்கள். தீவின் தேசிய உணவு போன்றாகிவிட்ட அந்தக் கறியின் பெயர் கொழும்பு நகரிலிருந்து வந்தது என்பாரும், குழம்பு என்ற சொல்லே அது என்பாரும் உண்டு. பொட்டலம் விற்கும் அம்மையார் தலையில் கட்டியிருக்கும் கட்டம் போட்ட துணியின் பெயர் மத்ராஸ். நீங்கள் எந்த ஊர் என்று அவர் கேட்டால் தயங்காமல் அந்தப் பெயரையே சொல்லுங்கள்.

இது தற்செயல் அல்ல. அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள், 1854 டிசம்பரில் ஓரெலி என்ற கப்பலில் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை இங்கே இறக்கினார்கள். 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் வந்தனர். பெரும்பாலோர் புதுச்சேரி, காரைக்கால், சென்னை வழியாகக் கப்பலேறியவர்கள், கல்கத்தா வழி வந்தோரும் உண்டு. கப்பெஸ்தேர் ஊரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம், இந்தியர் வழித்தோன்றல்களுக்கு வாக்குரிமையும் குடியுரிமையும் கேட்டு 1904இல் தொடங்கி 1923 வரை வழக்காடினார். அவர் பெயரை அங்கே சிதாம்பரோம் என்று எழுதுவார்கள். ராமசாமி, முத்துசாமி, வைத்திலிங்கம் எல்லாமும் இப்படிப் பிரெஞ்சு எழுத்தில் உருமாறிக் கடைப்பலகைகளில் நிற்கும். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களிடம் தமிழில் பேசிப் பதில் எதிர்பார்க்காதீர்கள். மொழி பேச்சிலிருந்து போய்விட்டது, சடங்கில் மட்டும் தங்கியிருக்கிறது.

கப்பெஸ்தேரின் ஷான்ஜி பகுதியில் சாலையோரமாகவே மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே அவள் பெயர் மலியெமேன். கார்பே அருவிக்குப் போகும் அதே நாளில் போய்வரலாம். கோயில் பூட்டியிருக்கலாம், அருகில் இருப்பவர்களிடம் அனுமதி கேளுங்கள், படம் எடுக்குமுன்னும் கேளுங்கள். சடங்கு நடக்கும் நாளாக இருந்தால் ஆட்டுப் பலியும் உண்டு என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் கிராமத் தெய்வ வழிபாடு அப்படியே கடல் தாண்டிப் போயிருக்கிறது.

பாரிஸ் திரும்பும் விமானங்கள் பெரும்பாலும் மாலையில் புறப்பட்டு மறுநாள் காலை சேரும். ஆகவே கடைசிப் பகல் உங்கள் கையில் இருக்கும். அதைக் கடலுக்குக் கொடுக்காமல், புவாந்தபித்ரில் பழைய சர்க்கரை ஆலை நின்ற மனையில் 2015இல் திறக்கப்பட்ட மெமோரியால் ஆக்ட் என்ற அடிமை வணிக நினைவகத்துக்குக் கொடுங்கள். உள்ளே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், சில அறைகள் ஒன்பது வயதுக்குக் கனமானவை, நீங்கள் முன்னால் பார்த்துவிட்டு மகனை அழைத்துச் செல்லுங்கள். பெட்டிகளைக் கண்ணில் படும்படி காரில் விட்டுப் போகாதீர்கள். விமான நிலையம் அங்கிருந்து அருகில்தான், ஆனாலும் மாலை நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூட்டிவைத்துக் கிளம்புங்கள். காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்திலும் வரிசை இருக்கும்.